வாத்தியாரிடம் கேளுங்கள்: போனே வாசித்துக் காட்டும்போது பிரெய்லி எதற்கு?

புதிதாக வாசிப்பவர்களுக்காக: நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். ஐந்து வயதில் அம்மை போட்டு, காய்ச்சலோடு கண்ணும் போனது. திருநெல்வேலிச் சீமையில் அரசுப் பள்ளிகளில் 32 வருஷம் பாடம் நடத்தினேன். படிப்புக்கு உதவும் கருவிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னாலும் சொன்னோம், கடிதமும் வாட்ஸ்அப் குரல் பதிவுமாக வந்து குவிந்துவிட்டன. கையெழுத்துக் கடிதங்களை என் மனைவி வாசித்தார், மற்றவற்றைப் போன் வாசித்தது. இரண்டு பேரில் மனைவிதான் நிறுத்தி நிறுத்தி, நடுநடுவே தன் கருத்தையும் சொல்லி வாசிப்பவர். பிள்ளைகள் விஷயம் என்பதால் யார் பெயரும் போடவில்லை. ஊர் மட்டும்.

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளோடும் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போனில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வைத்துப் பாடம், கதை எல்லாம் கேட்டுவிடுகிறாள். வாரம் ஒரு நாள் வரும் சிறப்பாசிரியை, பிரெய்லி கற்றே ஆகவேண்டும் என்கிறார். இவளோ ‘அது தாத்தா காலத்து விஷயம்’ என்று அழுகிறாள். கட்டாயப்படுத்தலாமா?
– ஒரு தாய், அரியலூர்

தாத்தா காலத்து விஷயம்தான். நானே ஒரு தாத்தா, அதனால் கோபப்படவில்லை என்று மகளிடம் சொல்லுங்கள்.

இன்று ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். அவள் நன்றாகக் கேட்டு வைத்திருக்கும் பாடத்திலிருந்து நாலு வரியை அவளையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். போன மே மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். படு சுட்டி. பாடத்தை வரி விடாமல் ஒப்பிக்கிறான். ‘அரசன் மறவர்களை அழைத்தான்’ என்று தட்டச்சு செய்யச் சொன்னேன். ‘அரசன் மரவர்கலை அளைத்தான்’ என்று வந்தது. அவன் மேல் என்ன தப்பு? ர, ற இரண்டும் காதுக்கு ஒன்றுதான். அந்தச் சொல்லை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான், ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கண் உள்ள பிள்ளை பாடப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்தே ‘மறவர்’ என்ற உருவத்தை மனதில் வாங்கிக்கொள்கிறது. நம் பிள்ளைக்கு அந்த உருவத்தைக் கொடுப்பது விரல் நுனி. ‘வந்துவிட்டான்’ ஒரு சொல்லா இரண்டா, பத்தி எங்கே முடிகிறது, காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதெல்லாமும் அப்படித்தான் வரும்.

கணக்கு இன்னும் மோசம். நீளமான ஒரு சமன்பாட்டைப் போன் சொல்லி முடிப்பதற்குள் அதன் தலை மறந்துபோகும். நாங்கள் டெய்லர் பிரேமில் கணக்குப் போட்டவர்கள். எட்டு மூலைக் குழிகள் வரிசையாக இருக்கும் பலகை அது. ஈய அச்சை எந்தப் பக்கம் திருப்பிக் குழியில் செருகுகிறோமோ அதை வைத்து எண் மாறும். பலகை கவிழ்ந்தால் அரை மணி நேர வகுத்தல் தரையில் உருளும். அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனாலும் போட்ட கணக்கை விரலால் திரும்பப் போய்ப் பார்க்க அதில் வழி இருந்தது.

அப்புறம், தமிழுக்குப் பிரெய்லி எவ்வளவு தோதானது என்பது பலருக்குத் தெரியாது. லூயி பிரெய்லி 1829-ல் பிரான்சில் இந்த முறையைப் புத்தகமாக வெளியிட்டபோது அவருக்கு வயது 20. ஆறு புள்ளிகள், அவற்றில் 63 வடிவங்கள். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெய்லி 1951-ல் வந்தது. தமிழ் ‘அ’வும் ஆங்கில ‘ஏ’யும் ஒரே புள்ளி, ‘க’வும் ‘கே’யும் ஒரே வடிவம், ‘ம’வும் ‘எம்’மும் அப்படியே. 247 எழுத்தையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் தெரிந்தால் கிட்டத்தட்ட முடிந்தது. அச்சில் ‘கெ’ எழுதக் கொம்பை முன்னால் போடுகிறோம், ‘கொ’வுக்கு முன்னும் பின்னும் போடுகிறோம். பிரெய்லியில் ‘க’, அடுத்து ‘எ’. ‘க’, அடுத்து ‘ஒ’. வாய் சொல்லும் வரிசையிலேயே விரலுக்கும் வரும். கண் உள்ள ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கொம்போடு மல்லுக்கட்டும்போது எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

கட்டாயப்படுத்த வேண்டாம். ஆசை காட்டுங்கள். அவளுடைய டாக்பேக்கிலேயே பிரெய்லி விசைப்பலகை இருக்கிறது. போனைப் படுக்கைவாட்டில், திரை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு ஆறு விரலால் தட்ட வேண்டும். பழகினவர்களின் வேகத்தைப் பார்த்தால் அவளே கேட்டு வருவாள். தாத்தா காலத்து விஷயம் அவள் போனுக்குள்ளேயே குடியிருக்கிறது என்று சொல்லுங்கள். வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா, மல்லித்தூள் டப்பா, அவள் பீரோ இழுப்பறை எல்லாவற்றிலும் பிரெய்லிச் சீட்டு ஒட்டுங்கள். சீட்டைக் குத்துகிற வேலை அவளுடையது. தினம் பத்து நிமிஷம் போதும்.

நான் விடுதியில் சேர்ந்த முதல் வருஷம் ஸ்லேட் என்ற பிரெய்லிச் சட்டத்தில் தாளை மாட்டி, ஸ்டைலஸ் என்ற ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தாளைத் திருப்பிப் போட்டால்தான் அது இடமிருந்து வலமாக வாசிக்க வரும். பார்வையற்றோர் எழுத்துக்குத் தபால் கட்டணம் கிடையாது, அதனால் தைரியமாக அனுப்பிவிட்டேன். ஊரில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது என்பது அந்த வயதில் தோன்றவில்லை. அம்மா அதை டிரங்குப் பெட்டியில், சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள். முழுப் பரீட்சை லீவில் வீட்டுக்குப் போனதும் கையில் கொடுத்து, ‘என்னலே எழுதியிருக்க, படி’ என்றாள். படித்தேன். ‘சாப்பாடு நல்லா இல்லை’ என்றுதான் எழுதியிருந்தது.

நான் பார்வை மாற்றுத்திறனாளி, எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். பேராசிரியர்கள் அனுப்பும் பி.டி.எஃப். கோப்புகளை ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) திறந்தால் ஒன்று மௌனமாக இருக்கிறது, இல்லையென்றால் பேய் பிடித்ததுபோல் உளறுகிறது. கணினியில் கோளாறா? புத்தகத்தை ஸ்கேன் செய்து படிப்பது சட்டப்படி குற்றம் என்று நண்பன் பயமுறுத்துகிறான். உண்மையா?
– ஒரு மாணவர், மதுரை

தம்பி, உங்கள் கணினி நன்றாக இருக்கிறது. பிரச்சினை கோப்பில்.

மௌனமாக இருந்தால் அது படம். யாரோ புத்தகத்தைப் போட்டோ பிடித்து பி.டி.எஃப். ஆக்கியிருக்கிறார்கள். அதில் எழுத்தே கிடையாது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் படத்திலுள்ள தமிழை எழுத்தாக மாற்றித் தரும். அச்சு நன்றாக இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். மங்கலான ஜெராக்ஸ் என்றால் ‘ன’வும் ‘ள’வும் குழம்பும்.

உளறினால் அது பழைய எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த ‘அம்மா’, கண்ணுக்கு அம்மாவாகத் தெரியும். கணினிக்கு உள்ளே அது எம், கே, செமிகோலன், கே, ஹெச். ஸ்கிரீன் ரீடர் நேர்மையான பிராணி, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். யூனிகோடில் எழுதினால் ‘அ’ எந்தக் கணினியிலும் ‘அ’தான். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. ஆனால் நிறையப் பேருடைய விரல்கள் இன்னும் பாமினியிலேயே இருக்கின்றன.

பேராசிரியரிடம் இதையெல்லாம் விளக்காதீர்கள், பயந்துவிடுவார். இப்படிக் கேளுங்கள்: ‘ஐயா, நீங்கள் தட்டச்சு செய்ததில் ஒரு வரியைக் காப்பி செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?’ தமிழாகவே வந்து விழுந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாக விழுந்தால், அவருக்கே புரிந்துவிடும். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொன்று, யூனிகோடாக இருந்தாலும் பி.டி.எஃப். ஆக்கும்போது கொம்பும் காலும் சில நேரம் இடம் மாறிவிடும். வேர்ட் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள்.

ஸ்கிரீன் ரீடருக்குப் பணம் கட்டினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கட்டியிருந்தால் அடுத்த முறை வேண்டாம், என்.வி.டி.ஏ. இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுத ஆரம்பித்தது. ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் சின்ன வயதில் ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். கண் உள்ளவர் கணினி வாங்கினால் திரைக்கென்று தனியாகக் காசு கேட்பதில்லை, நாம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இன்றுவரை இலவசம். அதில் வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் வாசிக்கும். முதலில் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும். இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டால் அந்தக் குரலில் மூன்று மடங்கு வேகத்தில் படிக்கலாம், இனிமையான குரல்களில் அது முடியாது.

குற்றமா என்றால், இல்லை. 2012-ல் திருத்திய நம் காப்புரிமைச் சட்டப்படி, அச்சில் படிக்க முடியாத மாற்றுத்திறனாளி தன் சொந்தப் படிப்புக்காகப் புத்தகத்தைத் தனக்கேற்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இதையே உலக அளவில் சொல்லும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-ல் வந்தது. அதற்கு 2014-ல் முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா. விற்கக் கூடாது, அவ்வளவுதான். 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் சேர்ந்துவிடுங்கள். நண்பனிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

ஏழு வயது மகனுக்குப் பெருமூளை வாதம். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது, ஆனால் பேச்சு வரவில்லை. டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அது பேசும் செயலி ஒன்றைச் சிகிச்சையாளர் சொன்னார். ‘அதைப் பழக்கினால் பிள்ளை கடைசிவரை வாயைத் திறக்க மாட்டான்’ என்கிறார் என் அம்மா. என்ன செய்யட்டும்?
– ஒரு தந்தை, இராணிப்பேட்டை

உங்கள் அம்மாவின் பயம் உலகம் முழுக்க இருக்கும் பயம். ஆய்வு செய்தவர்களும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள். இப்படிப்பட்ட கருவிகள் பேச்சைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவும் செய்கிறது என்றுதான் அவர்கள் கண்டார்கள். மொழி தொண்டையில் பிறப்பதில்லையே. சொல்ல ஒரு வழி கிடைத்த பிள்ளை அடுத்த வழியையும் தேடும். அம்மாவிடம் சொல்ல வேண்டுமானால், நடைவண்டி கொடுத்த பிள்ளை நடக்காமலா போனது என்று கேளுங்கள். என் மாமியாரிடம் இது செல்லுபடியானது.

இந்தத் துறையில் நாம் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. ஆவாஸ் என்ற கருவி சென்னையில் பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து அதை உருவாக்கினார். முதலில் தனிப் பெட்டியாக வந்தது, அப்புறம் டேப்லெட் செயலியானது. தமிழிலும் பேசும். அதற்கு முன் இங்கே இருந்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கருவிகள், விலையும் எட்டாது, குரலும் அமெரிக்கக் குரல். ‘இட்லி’ என்று சொல்ல வைக்கவே பாடுபட வேண்டும்.

டேப்லெட் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். ஓர் அட்டையில் பன்னிரண்டு படம் ஒட்டி, லேமினேட் செய்து, இன்றைக்கே ஆரம்பியுங்கள். மின்சாரம் போனாலும், குளிக்கும்போதும் அட்டை வேலை செய்யும்.

எங்கள் தெருவில் இதே வயதில் ஒரு பேரப்பிள்ளை இருக்கிறான். அவனுக்கு முதலில் ஏற்றிக் கொடுத்த சொற்கள்: தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலி. நாலும் நமக்கு வசதியான சொற்கள். அவன் ஒரு வாரம் தொட்டான், அப்புறம் டேப்லெட்டைத் தள்ளிவிட்டான். ‘தண்ணி, சோறு, பாத்ரூம் மட்டும் பேசச் சொன்னா நீ பேசுவியாடி?’ என்று அவன் அம்மாவைக் கேட்டேன். அவள் கெட்டிக்காரி. வேண்டாம், இன்னும், போதும், வா, போ, ஏன், அவன் அக்காவின் பெயர், கிரிக்கெட், ‘பொய் சொல்றே’ எல்லாவற்றையும் ஏற்றினாள். மறுநாள் நான் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குக் கட்டபொம்மன் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். டேப்லெட்டிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாக, ‘தாத்தா போ’ என்றது. முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த மாணவனும் என் பாடத்தைப் பற்றி இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

வீட்டில் எல்லோரும் அவனோடு பேசும்போது தாங்களும் அந்தப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். பிள்ளை பேச்சைக் கேட்டுத்தான் பேசக் கற்கிறது, தொட்டுப் பேசுவதையும் பார்த்துத்தான் கற்கும். அவன் தொட நேரம் எடுப்பான். பத்து எண்ணும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கடைசியாக, குறும்பு செய்தால் டேப்லெட்டைப் பிடுங்கி வைக்கிற வழக்கம் வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான், அவனுக்கு நாக்கு.

காது கேளாத மகளுக்கு யூடியூப் பாடங்களால் பயன் உண்டா? எட்டாம் வகுப்பு.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

சைகை மொழிபெயர்ப்போ சரியான எழுத்து வரியோ இருந்தால் உண்டு. தானாக ஓடும் எழுத்து வரியை நம்பி உட்கார வைக்காதீர்கள். ‘ஒளிச்சேர்க்கை’ ‘ஒலி சேர்க்கை’ ஆகிவிட்டால் உங்கள் மகளுக்கு அதைத் திருத்திக்கொள்ள வேறு வழி இல்லை. தில்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்குச் சைகை அகராதி தயாரித்திருக்கிறது, காணொளியாகவே பார்க்கலாம். பாடச் சொற்களும் அதில் உண்டு. நீங்களும் அவளோடு உட்கார்ந்து தினம் ஐந்து சைகை கற்றுக்கொள்ளுங்கள். பள்ளியில் காசில்லாமல் நடக்கக்கூடிய ஒன்றையும் கேளுங்கள்: ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசக் கூடாது. உதட்டை மறைத்துவிட்டால் அவளுக்கு வகுப்பே மறைந்துவிடும்.

எனக்கொரு சிநேகிதர், ஓய்வு பெற்ற தையல் ஆசிரியர். அவருக்குக் காது கேட்காது, எனக்குக் கண் தெரியாது. அவர் சைகை எனக்குப் பயன்படாது, என் பேச்சு அவருக்குப் பயன்படாது. இருபது வருஷம் ஒரே பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால்தான் எங்களுக்குள் பேச்சு. மூன்றாவது ஆள் இருந்தால் மனம்விட்டு என்ன பேச முடியும்? அவர் என் உள்ளங்கையில் ஆங்கில எழுத்தை எழுதிக் காட்டுவார், அவ்வளவுதான். இப்போது நான் பேசுவதை அவர் போன் எழுத்தாக்குகிறது, அவர் தட்டுவதை என் போன் வாசிக்கிறது. ஆண்ட்ராய்டில் லைவ் டிரான்ஸ்கிரைப் மாதிரி இலவசச் செயலிகள் இதற்கு உண்டு. நான் நெல்லைத் தமிழை விட்டு நிதானமாகப் பேச வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். டீக்கடையில் முதல் நாள் அவர் தட்டியது: ‘உங்களுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று இருபது வருஷமாகத் தெரியாது.’

எட்டாம் வகுப்பு மகன் வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்கிறான். எழுதச் சொன்னால் பாதி எழுத்து இல்லை. சோம்பேறி என்று வகுப்பில் திட்டுகிறார்கள். டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். இதற்கும் கருவி உண்டா?
– ஒரு தாய், திருப்பூர்

உண்டு. ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் என் வகுப்பில் இதே மாதிரி ஒரு பையன் இருந்தான். பானிபட் போர் மூன்றையும் என் மேசை மேல் சாக்பீஸ் துண்டுகளை அடுக்கி எனக்குத் தொட்டுக் காட்டுவான். பரீட்சைத் தாளை வாசித்துச் சொன்ன சக ஆசிரியர், ‘ஒண்ணுமே இல்ல சார், கோழி கிண்டினாப்ல இருக்கு’ என்றார். நான் அவனைச் சோம்பேறி என்றேன், ஒரு தடவை இல்லை. அச்செழுத்தை வாசிக்க முடியாத எனக்கு, அதை வாசிக்க முடியாத இன்னொருவனை அடையாளம் தெரியவில்லை. எனக்கு வாசித்துக் காட்ட ஓர் ஆள் இருந்தார். அவனுக்கும் ஓர் ஆளைக் கொடுத்திருக்கலாம். பத்தாம் வகுப்பில் அவன் நின்றுவிட்டான்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். 1995-ன் சட்டத்தில் ஏழு வகை இயலாமைகள்தான் இருந்தன, கற்றல் குறைபாடு அதில் கிடையாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை, இதுவும் அதில் ஒன்று. அதனால் மருத்துவர் சொன்னதோடு நிற்காமல் முறையாகச் சோதித்துச் சான்று வாங்குங்கள். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப் பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் போய் நின்றால் அலைச்சல், எட்டிலேயே தொடங்குங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருஷமாக இதே வேலையாக இருக்கிறது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது.

கருவி என்று பார்த்தால் உங்கள் போனே போதும். பாடத்தைப் போன் வாசிக்க வாசிக்க அவன் விரல் அச்சு வரியின் மேல் ஓட வேண்டும், காதும் கண்ணும் ஒன்றாகப் போகும். விடையை முதலில் குரலில் பதிவு செய்யட்டும். பிறகு தமிழ்க் குரல் தட்டச்சில் எழுத்தாக்கி, அதைப் பார்த்துத் தாளில் எழுதட்டும். அவனுக்கு விடை தெரியும் என்பது அந்தப் பதிவிலேயே இருக்கிறதல்லவா? அதை வகுப்பாசிரியருக்குப் போட்டுக் காட்டுங்கள். கோபமாகப் போகாதீர்கள். என்னைப் போல அவரும் தெரியாமல் பேசியிருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியரே தேவைப்படாதுதானே?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

போன வாரம் வரலாற்றுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து, இதில் என்ன படம் என்று ஒரு செயலியைக் கேட்டேன். தஞ்சைப் பெரிய கோயில், விமானம், நந்தி, மேகமூட்டமான வானம் என்று அழகாக வர்ணித்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கங்கைகொண்ட சோழபுரம் என்று படத்துக்குக் கீழேயே அச்சடித்திருக்கிறதாம். எனக்கு ஐந்து நிமிஷ வேடிக்கை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண். மருந்துச் சீட்டு, பஸ் போர்டு, கடைப் பெயர் எல்லாம் தெரிந்துகொள்ள நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆசிரியரை எடுத்துவிடாதீர்கள்.

சிறு தொழில் செய்கிறேன். என் தந்தையின் நினைவாக மாற்றுத்திறனாளி பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குப் பத்து டேப்லெட் வாங்கித் தர ஆசை. எந்தக் கம்பெனி நல்லது?
– ஒரு வாசகர், சிவகாசி

கம்பெனியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஒரு பள்ளிக்குப் பேச அழைத்திருந்தார்கள். பிரெய்லர் வைத்திருக்கிறோம், பெரியவர் ஒருவர் நன்கொடை என்று தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார். பெர்க்கின்ஸ் பிரெய்லர் தட்டச்சுப் பொறி மாதிரி இருக்கும். ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளிக்கு ஒன்று, எடை கிட்டத்தட்ட 5 கிலோ. 1951-ல் அமெரிக்காவில் வந்தது, இப்போது நம் காட்பாடியிலேயே வொர்த் டிரஸ்ட்டில் செய்கிறார்கள். என் பள்ளிப் பருவத்தில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் விரல் காய்த்திருக்காது. ஆசையாக, தொட்டுப் பார்க்கலாமா என்றேன். பீரோ சாவியைத் தேடவே இருபது நிமிஷம். வெளியே எடுத்து வைத்தார்கள். மேல் உறையில் கை வைத்தால் ஏதோ பொருக்குத் தட்டுகிறது. என்னவென்று கேட்டேன். சந்தனம், குங்குமம். ஏழு வருஷம், ஏழு ஆயுத பூஜை. விசையை அழுத்தினேன், நாலாம் புள்ளி இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று பூட்டி வைத்தார்களாம். அங்கே பிரெய்லி படித்த பிள்ளைகள் ஒன்பது பேர்.

அதனால் முதலில் பள்ளிக்குப் போய், வகுப்பில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். எந்தப் பிள்ளைக்கு எது தடை என்று ஆசிரியர்களையும், முடிந்தால் பிள்ளைகளையும் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு டேப்லெட்டே வேண்டியிருக்காது. பெரிய எழுத்தில் அச்சடித்த புத்தகமும் சாய்வான எழுதுபலகையும் போதுமாக இருக்கும். காதுக் கருவிக்கு பேட்டரி இல்லாமல் மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், அதைக் கேட்டாலொழிய யாரும் சொல்ல மாட்டார்கள். அரசு தரும் கருவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே கிடைப்பதை நீங்கள் வாங்க வேண்டாம்.

டேப்லெட்தான் தேவை என்று தெரிந்தால் பத்துக்குப் பதில் ஐந்து வாங்குங்கள். மீதிப் பணத்தில் தடித்த உறை, காதொலிப்பான், உபரி சார்ஜர், இரண்டு வருஷப் பழுதுச் செலவு, அப்புறம் ஆசிரியர்களுக்கு நாலு சனிக்கிழமை பயிற்சி. பயிற்சி தர யாரும் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், சிவகாசிக்குப் பஸ் இருக்கிறது. உங்கள் தந்தையின் பெயரை உறையின் பின்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ஒரே ஒரு நிபந்தனை எழுதுங்கள்: சாவி பிள்ளைகள் இருக்கும் அறையில் தொங்க வேண்டும், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில்.